ஆய்வு எழுத்தை அடையாளம் காண்பதும் கேள்வி கேட்டுப் படிப்பதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு முதுகலை மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டு வரைவோடு வந்தார். "கீழடியின் காலம் கி.மு. 580" என்ற ஒரே வரிக்கு ஏழு அடிக்குறிப்பு போட்டிருந்தார். மூன்று நாளிதழ்களின் இணையதளங்கள், இரண்டு யூடியூப் காணொளிகள், ஒரு விக்கிப்பீடியா பக்கம், முந்தைய வருடம் வேறொருவர் எழுதிய ஆய்வேடு. "எல்லாத்துலயும் அதே தேதிதான் சார் இருக்கு, அப்புறம் என்ன சந்தேகம்?" என்றார்.

அந்தப் பழைய ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினோம். அதன் அடிக்குறிப்பில் இருந்தது அதே மூன்று நாளிதழ்களில் ஒன்று. காணொளிகளில் பேசியவர்களும் செய்தியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு சாட்சி என்று நினைத்தது, ஒருவர் சொன்னதை ஆறு பேர் திருப்பிச் சொன்ன கதையாகிவிட்டது. அகழாய்வு அறிக்கையை யாருமே திறக்கவில்லை.

அன்று அவரோடு உட்கார்ந்து செய்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கையில் இருக்கும் எழுத்து எந்த இனம் என்று பார்ப்பது ஒரு வேலை. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "ஆய்விதழில் வந்திருக்கு, அதனால உண்மை" என்கிற பேச்சு வருகிறது.

படி 1: தகவல் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது?

ஒரே செய்தி கைமாறும்போது என்ன ஆகிறது என்று கீழடியை வைத்தே பார்ப்போம். 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகளைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அமெரிக்காவில் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்கு கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த இன்னொன்றுக்கு கி.மு. 205 என்றும் முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் துறை வெளியிட்ட அறிக்கை இந்த ஆழங்களையும் ஆய்வகத்தின் பெயரையும் சொல்கிறது.

இப்போது மூன்று வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580." "கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டு நகரம்." "2,600 ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் அனைவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்." முதல் வாக்கியம் ஒரு துண்டைப் பற்றியது. இரண்டாவது ஓர் ஊரைப் பற்றியது. மூன்றாவது ஓர் இனத்தையே பற்றியது. மூன்றிலும் காலம் ஒன்றுதான், அதனால் எங்கோ ஒரு தாவல் நடந்திருப்பது கண்ணில் படுவதில்லை.

ஆக, எதைப் படித்தாலும் முதலில் இடத்தைக் கேளுங்கள்: எழுதியவர் தானே தோண்டியவரா, அளந்தவரா, ஓலையைப் பார்த்தவரா? அப்படிச் செய்தவர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதியவரா? அதைப் படித்தவர் சொல்லக் கேட்டு எழுதியவரா? மூன்றாவது கை எழுத்து மோசம் என்று அர்த்தமில்லை. அதை மூன்றாவது கை என்று தெரிந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் அந்தத் துறை அறிக்கை எங்கே நிற்கிறது? செய்முறை சொல்கிறது, மாதிரி சொல்கிறது, எழுதியவர்கள் துறைசார்ந்தவர்கள். ஆனால் ஆய்விதழ்களில் வழக்கமாக நடப்பதுபோல, பெயர் தெரியாத இரண்டு மூன்று சக ஆய்வாளர்கள் படித்துக் குறை சொல்லி, திருத்தி வெளிவந்த எழுத்து அல்ல. தோண்டிய நிறுவனமே வெளியிட்டது. அறிக்கை, ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை எல்லாம் இந்த நடுத்தரத்தில்தான் வரும்: ஆய்வுதான், ஆனால் வெளியார் சல்லடையில் எவ்வளவு சலிக்கப்பட்டது என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

படி 2: சட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அடையாளங்கள் என்று வகுப்பில் சொல்லித் தருவது எல்லாருக்கும் தெரியும். ஆய்வுச் சுருக்கம் இருக்கும், திறவுச்சொற்கள் இருக்கும், அடிக்குறிப்பு இருக்கும், எழுதியவர் பெயருக்குக் கீழே நிறுவனம் இருக்கும். இவை எல்லாம் சட்டை. யாரும் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

2015இல் ஜெர்மனியில் ஒரு கூத்து நடந்தது. ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளரும் இரண்டு ஜெர்மானிய ஆவணப்படக்காரர்களும் சேர்ந்து, உணவுக்கட்டுப்பாட்டோடு தினமும் கறுப்பு சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று ஒரு 'ஆய்வு' செய்தார்கள். ஆட்கள் நிஜம், எடை பார்த்ததும் நிஜம், மூன்று வாரம் நடந்ததும் நிஜம். 'ஜோஹானஸ் போஹானன்' என்று ஒரு பெயர், 'உணவு மற்றும் நல்வாழ்வு நிறுவனம்' என்று ஓர் அமைப்பு. அமைப்பு என்றால் ஒரு வலைத்தளம், அவ்வளவே. 600 யூரோ வாங்கிக்கொண்டு ஓர் 'பன்னாட்டு' மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. ஜெர்மனியின் பெரிய நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது. பல நாடுகளுக்குச் செய்தி பரவியது. மே மாதம் அவரே எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்.

தந்திரம் எங்கே என்று கவனியுங்கள். ஆட்கள் 15 பேர். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள், ஆகவே குழுவுக்கு ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் எடை, கொழுப்பு, உறக்கம், மனநிலை என்று 18 விஷயங்களை அளந்தார்கள். ஒவ்வொன்றும் தற்செயலாகப் 'பொருட்படுத்தத்தக்க' வித்தியாசம் காட்டிவிடுவதற்கு வாய்ப்பு நூற்றில் ஐந்து. பதினெட்டும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், எதுவுமே அப்படிக் காட்டாமல் தப்பும் வாய்ப்பு 0.95ஐ 18 தடவை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 0.40. அப்படியானால் ஏதோ ஒரு 'கண்டுபிடிப்பு' கையில் சிக்க 60 விழுக்காடு வாய்ப்பு. சிக்கியது எடை. உறக்கம் சிக்கியிருந்தால் "சாக்லேட் தின்றால் நல்ல தூக்கம்" என்று தலைப்பு வந்திருக்கும். "எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள்?" என்று ஒரு செய்தியாளர் கேட்டு, பதிலை அச்சில் போட்டிருந்தாலே கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நம் ஊர் நிலவரமும் தெரிந்ததுதான். "ஒரே வாரத்தில் வெளியீடு, சான்றிதழ் உண்டு" என்று வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் வருகிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழை அடையாளம் காண வைக்கும் எண், வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுநருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரைப் பார்த்துப் பழகிய ஆசிரியர்கள் பலர். அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. பட்டியல் இருந்த காலத்திலேயே, அதிலிருந்த இதழ்களின் பெயரில் போலி வலைத்தளங்கள் முளைத்தன. எனவே இதழின் பழைய நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். பதிப்பாசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அதை அங்கே குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே இதழில் வேளாண்மை, பக்தி இலக்கியம், கணினி வலையமைப்பு மூன்றும் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

சட்டை இல்லாதவரைத் தள்ளிவிடவும் கூடாது. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியராக இருந்து எழுதியவர். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எந்த ஆய்விதழும் அவரை மதிப்பிடவில்லை. ஆனால் எந்தெந்த ஏட்டைப் பார்த்தோம், எந்த ஏட்டில் எந்தப் பாடம் இருந்தது என்று பிரதிபேதம் காட்டும் பழக்கம் அவர் பதிப்புகளில் உண்டு. பாடத்தை ஒத்துக்கொள்ளாதவர் மறுப்பதற்கான வழியையும் அவரே கொடுத்துவிடுகிறார். ஆய்வு எழுத்துக்கு என்னிடம் அளவுகோல் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: தான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை, மறுக்க வருகிறவருக்கும் உதவும்படி எழுதியிருக்கிறாரா?

படி 3: முதலிலிருந்து கடைசி வரை படிக்காதீர்கள்

ஆய்வுக் கட்டுரை நாவல் இல்லை. சுருக்கத்தைப் படியுங்கள், உடனே முடிவுரைக்குத் தாவுங்கள். என்ன சொல்ல வருகிறார் என்பதை உங்கள் வார்த்தையில் ஒரே வரியில் பென்சிலால் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் உங்கள் மேல் தப்பு இருக்கலாம், கட்டுரை மேலும் இருக்கலாம். இரண்டாவது வாய்ப்பை மறந்துவிடாதீர்கள். அப்புறம் செய்முறை, அட்டவணை, படம். முன்னுரையைக் கடைசியில் பார்த்தாலும் குடி முழுகிப் போகாது.

படி 4: வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

தமிழில் எழுதிய ஆய்வைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உதவுவது இதுதான். நம் மொழியில் ஆசிரியரின் துணிச்சல் எவ்வளவு என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் உட்கார்ந்திருக்கும்.

"கிடைத்துள்ளது" என்றால் பொருள் கையில் இருக்கிறது. "எனலாம்", "கருத இடமுண்டு" என்றால் ஊகம், அதை மறைக்கவும் இல்லை. "போலும்" என்றால் இன்னும் தயக்கம். இவையெல்லாம் நேர்மையான வால்கள். "தெளிவாகிறது", "புலனாகிறது", "ஐயமின்றி நிறுவப்படுகிறது" என்று வந்தால் நின்று, மேலே இரண்டு பத்தி போய்ப் பாருங்கள். பல நேரம் அங்கே இருப்பது ஒரு "எனலாம்"தான். இரண்டாம் பக்கத்தில் எனலாம், ஐந்தாம் பக்கத்தில் என்பர், பத்தாம் பக்கத்தில் என்பது தெளிவு. நடுவில் புதிய சான்று ஒன்றுகூட வந்திருக்காது.

"என்று கூறப்படுகிறது", "அறிஞர்கள் கருதுவர்" ஆகிய இரண்டையும் கண்டால் ஓரத்தில் "யார்?" என்று எழுதிவிடுங்கள். நம் பழைய உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தை "என்பாரும் உளர்" என்று பதிவு செய்வார்கள், பெயர் சொல்லாமல். அவர்கள் காலத்தில் கேட்கிறவருக்கு யாரென்று தெரிந்திருக்கலாம். இன்று ஆய்வேட்டில் அதைச் செய்தால் சோம்பல் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கட்டுரையாளர் தனக்கு முன் எழுதியவர்களோடு என்ன உறவில் நிற்கிறார் என்று பார்க்க நன்னூல் சொல்லும் எழுவகை மதம் இன்றைக்கும் நல்ல கருவி. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு களைவது, தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் மதம் கொள்வது. ஒரு கட்டுரையை எடுத்துப் பத்திக்குப் பத்தி இதில் எது நடக்கிறது என்று குறித்துப் பாருங்கள். உடன்படல், உடன்படல், உடன்படல் என்றே போனால் அது மேற்கோள் தொகுப்பு. சான்றே இல்லாமல் கடைசி மதம் மட்டும் இருந்தால் அது மேடைப் பேச்சு.

படி 5: அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆழம் வரை இறங்குங்கள்

எல்லா அடிக்குறிப்பையும் துரத்த யாராலும் முடியாது. கட்டுரையின் பாரம் எந்த ஒன்றின்மேல் நிற்கிறதோ அதை மட்டும் துரத்துங்கள்.

லெமூரியாவை எடுத்துக்கொள்வோம். கடல் கொண்டதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் "மேலை அறிவியல் அறிஞர்களும் ஒப்புக்கொண்டனர்" என்ற வரி அடிக்கடி வரும். பிடித்து இறங்கினால் போய் நிற்கும் இடம் 1864, பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். அவர் பேசியது மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி. லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கினமும் அதன் உறவுகளும் மடகாஸ்கரிலும் இந்தியப் பக்கத்திலும் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். மனிதர்களைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது, தமிழர் எங்கிருந்து வருவார்கள்? கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைபெற்ற பிறகு, மூழ்கிய கண்டம் என்ற ஊகம் அறிவியலுக்குத் தேவைப்படாமல் போய்விட்டது. அந்தப் பழைய ஊகத்தை இன்றும் சான்றாகக் காட்டும் கட்டுரை, அடிக்குறிப்பின் முனையைப் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள்.

இன்னொரு முனை இறையனார் அகப்பொருள் உரை. பாண்டிய நாட்டைக் கடல் கொண்டதையும் சொல்லும் முச்சங்கக் கதை அங்கேதான் விரிவாக வருகிறது: மூன்று சங்கங்களும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள். கூட்டினால் 9990. இது மூல நூல்தானே, மூலத்தைத்தானே பார்க்கச் சொன்னீர்கள் என்று கேட்கலாம். சரி, ஆனால் எதற்கு மூலம்? அந்த உரை எழுந்த காலத்தில் தமிழ்ப் புலவர்கள் தங்கள் பழமையை எப்படி எண்ணிப் பார்த்தார்கள் என்பதற்கு அது முதல்தரச் சான்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலில் என்ன நடந்தது என்பதற்கு அது சான்றாகாது. அதற்குக் கடலடி மண்ணைத்தான் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், எங்கள் நூலகத்திலேயே வந்திருக்கிறது.

இறங்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அந்தக் கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறதா? தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடம் அது 'ஆய்விதழில் வந்த கட்டுரை'. இதழின் பக்கத்துக்கே போனால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று மேலேயே போட்டிருக்கும். வேறெங்கோ இறக்கிய பிடிஎஃப்பில் அது இருக்காது.

படி 6: முடிவைச் சான்று தாங்குகிறதா?

மறுபடி கீழடிக்கு வருவோம், இந்தக் கேள்விகளை மாணவியோடு சேர்ந்து தாளில் எழுதினோம்.

காலம் கணித்தது எதற்கு? மாதிரிக்கு. பானை ஓட்டுக்கு அல்ல, அதில் கீறியிருக்கும் எழுத்துக்கும் அல்ல. எழுத்துக்கு அந்தக் காலம் வருவது, ஓடும் மாதிரியும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவை என்று ஏற்றால்தான். ஆகவே அடுக்கு கலையாமல் இருந்ததா என்பது முக்கியம். அறிக்கையில் அதைத் தேட வேண்டும்.

மாதிரி என்ன பொருள்? மரக்கரி என்றால் அது சொல்லும் காலம் மரம் வளர்ந்த காலம். நூறு வருடம் நின்ற மரத்தின் உள்வயிரத்தை எரித்திருந்தால், அடுப்பெரிந்த காலம் அதற்குப் பின்னால்தான் இருக்கும். நெல் அப்படியில்லை, ஒரு பருவத்தில் விளைந்து அறுபடுவது. பழனிக்கு அருகே பொருந்தலில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வந்த கணிப்பைத் தொல்லியலாளர்கள் மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கதிரியக்கக் கரிமக் கணிப்பை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு, கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். அந்தக் காலத்து மாதிரிக்கு ஒரு தனி ஆண்டைச் சொல்வது கடினம், அகலமான வீச்சுதான் கிடைக்கும். அப்படியென்றால் 580 என்ற எண்ணைப் படிக்கும்போது "எந்த வீச்சுக்குள்?" என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விகள் கீழடியைச் சிறுமைப்படுத்துவதற்கு அல்ல. நமக்குப் பிடித்த முடிவுக்கும் பிடிக்காத முடிவுக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறோமா என்பதுதான் இந்தப் படியின் பயிற்சியே. கீழடியின் முதல் இரண்டு கட்டங்களைத் தோண்டிய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையை மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம் துறை அதைத் திருத்தித் தரச் சொன்னது. அவர் தன் முடிவுகளில் நின்றார். இங்கே "அறிக்கைக்குச் சான்று போதாது" என்று யாராவது சொன்னால் அவரிடமும் கேளுங்கள்: எந்த அடுக்கு, எந்த மாதிரி, எந்தப் பக்கம்? பக்க எண் சொல்லாத மறுப்பும், பக்க எண் சொல்லாத பெருமிதமும் எனக்கு ஒரே அலமாரியில்தான் போகும்.

படி 7: ஆய்வு அல்லாததை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள், இடம் மாற்றி வையுங்கள். அந்த மூன்று நாளிதழ்ச் செய்திகளும் "கீழடிச் செய்தியைத் தமிழ் ஊடகங்கள் எப்படிச் சொன்னன" என்ற தலைப்புக்கு அருமையான மூலங்கள். யூடியூப் காணொளியின் கீழே இருக்கும் கருத்துகள்கூட, மக்கள் எதைக் கேட்க ஆசைப்பட்டார்கள் என்பதற்குச் சான்று. கி.மு. 580க்குத்தான் அவை சான்று இல்லை. விக்கிப்பீடியாவை நானே தினமும் திறக்கிறேன். பக்கத்தின் அடியிலிருக்கும் இணைப்புகளுக்குப் போவதற்காக.

அந்த மாணவி இரண்டு வாரம் கழித்துத் திருத்திய வரைவைக் கொண்டுவந்து காட்டினார். வரி இப்படி மாறியிருந்தது: "நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தொல்லியல் துறை அறிக்கை தருகிறது. அதே அடுக்கின் பானையோடுகளுக்கும் இக்காலத்தைக் கருத இடமுண்டு." ஏழு அடிக்குறிப்பு ஒன்றாகியிருந்தது, பக்க எண்ணோடு. "நல்லா வந்திருக்கே" என்றேன். "நெறியாளர்தான் கேக்குறாங்க சார், மேற்கோள் ஏன் இவ்ளோ குறைஞ்சுபோச்சுன்னு" என்றார்.